வீட்டுக் கணினியில் போட்டோக்கள் படுத்தும் பாடு: அறிகுறியைப் பார்த்து பிழை நீக்கும் வழிகள்

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு வேலை இருக்கிறது. படங்கள் உள்ள ஃபோல்டரை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ மட்டும். கீழே சொல்லும் எல்லாத் திருத்தங்களையும் முதலில் அந்தக் காப்பியில் செய்து பாருங்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். ஒரு படத்தைப் பற்றிய தகவல் நாலு இடத்தில் இருக்கலாம்: ஃபைலுக்குள்ளேயே இருக்கும் எக்ஸிஃப் குறிப்பில், ஃபைலின் பெயரில், விண்டோஸ் தன் பங்குக்கு வைக்கும் தேதியில், நீங்கள் படம் பார்க்கும் மென்பொருளின் தரவுத்தளத்தில். ‘நேற்று இருந்தது, இன்று காணோம்’ என்பவற்றில் பெரும்பாலானவை, தகவல் இரண்டாவது, மூன்றாவது, நாலாவது இடத்தில் இருந்துகொண்டு ஃபைலோடு கூட வராததால் வருபவை.

டிஸ்க் ‘டிக் டிக்’ என்கிறது, ஃபோல்டர் திறக்க யுகமாகிறது

மற்ற கோளாறுகள் காத்திருக்கும், இது காத்திருக்காது. முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். வெளியில் செருகும் சின்ன ஹார்ட் டிஸ்க்குகளின் தட்டையான அகலக் கேபிள் சீக்கிரம் தளர்ந்துவிடும். முன்பக்க யூஎஸ்பி துளையில் மின்சாரம் போதாமலும் டிஸ்க் திணறும். கேபிளை மாற்றி, கேபினெட்டின் பின்பக்கத் துளையில் செருகிப் பாருங்கள். பெங்களூருவின் எஸ்.பி. ரோடு கடைகளில் புது டிஸ்க் வாங்கக் கிளம்புவதற்கு முன் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்துவிடலாம்.

அப்படியும் மாறவில்லை என்றால் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைத் திறந்து டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்தால், அதுவும் ‘ரீஅலகேட்டட்’ அல்லது ‘கரண்ட் பெண்டிங்’ செக்டர் வரிசையில் எண் ஏறியிருந்தால், டிஸ்க் போகிற வழியில் இருக்கிறது. வேறெங்கும் காப்பி இல்லாத படங்களை முதலில் எடுங்கள். தரவிறக்கிய சினிமாவெல்லாம் பிறகு. விண்டோஸ் ‘ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா’ என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அது ஃபைல் அமைப்பைச் சீராக்கத்தான் பார்க்கும், உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அந்த உழைப்பே எமனாகலாம். காப்பி எடுத்து முடித்த பிறகு தாராளமாக ஓட்டுங்கள்.

டிஸ்க் கணினியில் தெரியவே இல்லை, சத்தம் மட்டும் வருகிறது என்றால் கழற்றி வைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது அவ்வளவு முக்கியமா என்பதை யோசித்த பிறகு தரவு மீட்பவரிடம் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் வைத்தியத்தை யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

படத்தின் மேல்பாதி சரி, கீழ்பாதி சாம்பல்

சின்னப் படமாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது, திறந்தால் பாதியில் சாம்பல் பட்டை. சின்னப் படத்தை நம்பாதீர்கள். கேமரா ஒவ்வொரு ஃபைலின் தலைப்பகுதியிலும் 160×120 அளவில் ஒரு குட்டிப் படத்தைத் தனியாக வைத்திருக்கிறது. பெரிய படம் கெட்டாலும் குட்டி பிழைத்திருக்கும். பெட்டிக்கு மேல் ஒட்டிய லேபிளைப் பார்த்துவிட்டு உள்ளே இனிப்பு இருக்கிறது என்று சொல்வது போலத்தான் அது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஃபைலின் அளவைப் பாருங்கள். பக்கத்துப் படங்கள் 4 எம்பி இருக்க, இது மட்டும் 1.3 எம்பி என்றால் காப்பி பாதியில் நின்றிருக்கிறது. கார்டை அவசரமாகப் பிடுங்கியிருக்கலாம், நடுவில் கரண்ட் போயிருக்கலாம். பெங்களூருவில் கோடை மழையின் முதல் இடிக்கே மின்சாரம் போகும் பேட்டைகள் உண்டு. மேசைக் கணினிக்கு ஒரு 600 விஏ யூபிஎஸ் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் காப்பி முடியவும் கணினியை ஒழுங்காக நிறுத்தவும் சில நிமிடம் கிடைக்கும். கார்டை இன்னும் அழிக்கவில்லை என்றால் மறுபடி காப்பி செய்தால் போதும்.

அளவு சரியாக இருந்தும் நடுவில் ரோஸ் நிறப் பட்டை, இடம் பெயர்ந்த கட்டங்கள் என்று வந்தால் உள்ளே தரவு கெட்டிருக்கிறது. எங்கே கெட்டது என்று பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. அதே படத்தைக் கார்டிலிருந்து இரண்டு தடவை, இரண்டு ஃபோல்டர்களுக்குக் காப்பி செய்யுங்கள். ஃபைல்களைச் சுருக்கும் செவன்-ஜிப் மென்பொருளைப் போட்டிருந்தால் ரைட் கிளிக்கில் ‘சிஆர்சி எஸ்ஹெச்ஏ’ என்று ஒன்று வரும். அதில் இரண்டு பிரதிகளின் எண்ணையும் ஒப்பிடுங்கள். எண்கள் வேறுபட்டால் கோளாறு வழியில்: கார்டு ரீடர், கேபிள், அபூர்வமாகக் கணினியின் ரேம். எண்கள் ஒன்றே, படம் மட்டும் கெட்டது என்றால் கோளாறு பெரும்பாலும் கார்டிலேயே.

கார்டில் முதலில் எடுத்த சில நூறு படங்கள் பத்திரமாக இருந்து, அதற்குப் பிறகு எடுத்தவை எல்லாம் சாம்பல் என்றால் போலிக் கார்டாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலே 64 ஜிபி என்று அச்சடித்து, உள்ளே 8 ஜிபி சில்லு வைத்து, கணினியிடமும் 64 என்றே பொய் சொல்லும் கார்டுகள் சந்தையில் உண்டு. எட்டு நிரம்பும் வரை எல்லாம் நன்றாக நடக்கும். ‘ஹெச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருள் காலிக் கார்டு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 64 ஜிபி கார்டுக்குப் பழைய யூஎஸ்பி 2 ரீடரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். எங்கே வாங்கினாலும், விலை எவ்வளவு மலிவானாலும், கல்யாணத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் இந்தச் சோதனையை நடத்திவிடுங்கள்.

சென்சாரின் தரவை அப்படியே சேமிக்கும் ‘ரா’ வடிவில் எடுத்த படம் கெட்டிருந்தால் ஒரு ஆறுதல்: அதற்குள் கேமரா ஒரு பெரிய ஜேபெக் படத்தையும் வைத்திருக்கும். ரா தரவு கெட்டாலும் அது சில சமயம் முழுதாக வெளியே வரும்.

கார்டை அழித்துவிட்டோம்

அடுத்த படம் எடுக்காதீர்கள். கார்டை வெளியே எடுங்கள். ‘போட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மீட்ட படங்களை வேறு டிஸ்க்கில் சேமிக்கச் சொல்லுங்கள். அதே கார்டில் சேமித்தால் மீட்க வேண்டியதன் மேலேயே எழுதுவீர்கள். பழைய பெயர்கள் திரும்ப வராது, படங்களெல்லாம் எண் பெயர்களோடு வரும். எக்ஸிஃப் தேதி உள்ளே இருப்பதால் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். கணினியின் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் அழித்தது பெரும்பாலும் இப்படிக் கிடைக்காது, ஏனென்றால் அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடுகிறது.

தேதி தப்பு

இதற்குள்ளேயே அரை டஜன் வியாதி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் சரியாக இருந்த தேதியும் கெடும். முதலில் ரைட் கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘டீட்டெய்ல்ஸ்’ என்று போய் ‘டேட் டேக்கன்’ வரிசையைப் பாருங்கள்.

‘டேட் டேக்கன்’ சரியாக இருந்து பட்டியலில் மட்டும் தப்பாகத் தெரிகிறதா? நீங்கள் பார்ப்பது ஃபைலின் தேதி. புது டிஸ்க்குக்குக் காப்பி செய்த நாளை விண்டோஸ் ‘உருவான தேதி’ என்று போட்டுக்கொள்ளும். படத்தில் கோளாறு இல்லை, பட்டியலை ‘டேட் டேக்கன்’ படி அடுக்கினால் முடிந்தது.

‘டேட் டேக்கன்’ காலியாக இருக்கிறதா? பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாக வந்த படம். வாட்ஸ்அப் எக்ஸிஃபைக் கழற்றிவிட்டுத்தான் அனுப்பும். பெயரில் 20190815 என்று இருந்தால் அது உங்கள் போனுக்கு வந்த நாள், எடுத்த நாள் அல்ல. சித்தப்பா மூன்று வருடம் கழித்து அனுப்பிய காதுகுத்துப் படம் இந்த வருடத்தில்தான் போய் உட்காரும். எடுத்தவரிடம் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லி மூலப்படத்தை வாங்குவதே நல்ல வழி.

எல்லாப் படமும் 2000 ஜனவரி 1 என்றோ, அந்தக் கேமரா மாடல் வந்த வருடத்தின் ஜனவரி 1 என்றோ காட்டுகிறதா? கேமராவின் உள் பேட்டரி தீர்ந்து கடிகாரம் தொடக்கத்துக்குப் போயிருக்கிறது. தேதி தப்பு என்றாலும் படங்களுக்கு இடையிலான இடைவெளி சரியாகவே இருக்கும். ஒரே ஒரு படத்தின் உண்மையான நேரம் தெரிந்தால் போதும், எல்லாவற்றையும் அதே அளவு நகர்த்திவிடலாம். படங்களை அடுக்கி நிர்வகிக்கும் டிஜிகாம் மென்பொருளில் படங்களைத் தேர்ந்தெடுத்து ‘ஐட்டம்’ மெனுவில் ‘அட்ஜஸ்ட் டைம் அண்ட் டேட்’ போனால் நாள், மணி, நிமிடம் கூட்டவோ கழிக்கவோ முடியும். மேக் என்றால் ‘போட்டோஸ்’ செயலியின் ‘இமேஜ்’ மெனுவில் இதே வசதி உண்டு.

கல்யாணத்தில் மூன்று கேமராக்களின் படங்களை ஒன்றாக்கும்போது வரிசை குழம்பினால், தாலி கட்டும் நொடியைப் பிடியுங்கள். அந்த நொடியில் கிளிக் செய்யாத கேமரா மண்டபத்தில் இருக்காது. மூன்றிலும் அந்தப் படத்தின் நேரத்தை எடுத்து, வித்தியாசத்தைக் கணக்கிட்டு, இரண்டை மூன்றாவதோடு பொருத்துங்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த அத்தையின் கேமரா சரியாக 2 மணி 30 நிமிடம் முந்தியிருந்தால் அவர் கடிகாரத்தை மாற்றவே இல்லை. துபாய் என்றால் 1 மணி 30 நிமிடம் பிந்தும். அமெரிக்கக் கிழக்குக் கரை கோடையில் 9:30 மணி, குளிர்காலத்தில் 10:30 மணி பிந்தும். மிகச் சரியாக 12 மணி என்றால் முற்பகலும் பிற்பகலும் மாறிவிட்டன என்று அர்த்தம்.

படங்கள் சரி, வீடியோ மட்டும் 5 மணி 30 நிமிடம் பின்னால் நிற்கிறதா? எம்பி4, மூவ் வடிவங்களில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும் என்பது விதி. அதை நம் நேரத்துக்கு மாற்றாமல் காட்டும் மென்பொருள்கள் உண்டு. அதிகாலை 5 மணி முகூர்த்த வீடியோ முந்தின நாள் இரவு 11:30 ஆகி, வரவேற்பு ஃபோல்டரின் கடைசியில் போய்ச் சேர்வது இதனால்தான். ஆனால் எல்லாக் கேமராக்களும் விதியை மதிப்பதில்லை. சில உள்ளூர் நேரத்தையே எழுதிவைக்கும், அப்போது ஒழுங்கான மென்பொருளில் வீடியோ 5:30 மணி முன்னால் போய் நிற்கும். ஆகவே ஒரு வீடியோவைச் சோதித்துப் பார்த்த பிறகே மொத்தமாக நகர்த்துங்கள்.

கூகுள் போட்டோஸிலிருந்து ‘டேக்அவுட்’ என்ற மொத்தத் தரவிறக்க வசதி வழியாக எடுத்த படங்களில், அங்கே கையால் திருத்திய தேதிகள் ஃபைலுக்குள் வராது. பக்கத்தில் வரும் ஜேசன் ஃபைல்களில் தனியாக இருக்கும். ‘குப்பை’ என்று அவற்றை அழித்துவிடாதீர்கள்.

தேதியே இல்லாத படமா? பின்னணியைப் பாருங்கள். பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை தெரிந்தால் 2009 ஆகஸ்ட் 9-க்குப் பிந்தியது. எம்.ஜி. ரோட்டில் பயணிகளோடு மெட்ரோ ரயில் ஓடினால் 2011 அக்டோபர் 20 அல்லது அதற்குப் பின். தேவனஹள்ளி விமான நிலையத்தில் மாலையோடு நிற்கும் மாமா 2008 மே மாதத்துக்கு முன் அங்கே நின்றிருக்க முடியாது. ஸ்கேன் செய்த பழைய பிரிண்டின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் தேதியை மட்டும் முழுதாக நம்பவேண்டாம். அதையும் யாரோ ஒருவர் கையால்தான் கேமராவில் வைத்தார்.

ஐபோன் படம் விண்டோஸில் திறக்கவில்லை, காப்பியும் பாதியில் நிற்கிறது

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் ஹெச்ஈஐசி வடிவில் சேமிக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ‘ஹெச்ஈஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ இலவசம், ஆனால் ஐபோன் படம் தெரிய ‘ஹெச்ஈவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதும் வேண்டும், அதற்குச் சின்னக் கட்டணம் உண்டு. கட்ட மனமில்லையா, ஹெச்ஈஐசியைத் திறக்கும் வேறு இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

கேபிளில் காப்பி செய்யும்போது ‘கணினியில் இணைத்த சாதனம் வேலை செய்யவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பிழை வந்து நின்றால் கேபிளைத் திட்டாதீர்கள். போன் ஒவ்வொரு படத்தையும் போகிற போக்கில் ஜேபெக் ஆக மாற்றித் தர முயன்று மூச்சு வாங்குகிறது. ‘செட்டிங்ஸ்’ உள்ளே ‘போட்டோஸ்’ போய் (புதிய ஐஓஎஸ்ஸில் ‘ஆப்ஸ்’ என்பதற்குள் இருக்கும்), கடைசியில் ‘ட்ரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி’ என்பதில் ‘கீப் ஒரிஜினல்ஸ்’ தேர்ந்தெடுங்கள். மூலப்படம் அப்படியே வரும், காப்பியும் ஓடும்.

தமிழில் எழுதிய குறிச்சொற்கள் பாதியில் வெட்டுப்படுகின்றன

படத்துக்குள் குறிச்சொல் (டேக்) எழுதும் பழைய ஐபிடிசி முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். ‘திருக்கடையூர் சஷ்டியப்தபூர்த்தி’ என்று எழுதினால் மொத்தம் 91 பைட். அது ‘திருக்கடையூர் சஷ்டியப்’ என்று நின்றுபோகும். அதற்குப் பின் வந்த எக்ஸ்எம்பி முறையில் இந்த எல்லை இல்லை. ஆகவே எக்ஸ்எம்பியை எழுதவும் படிக்கவும் செய்யும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள், அல்லது இரண்டு குறிச்சொல்லாகப் பிரியுங்கள். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் இடையில் ஏதோ ஒரு மென்பொருள் யூனிகோட் தெரியாமல் மறுபடி எழுதியிருக்கிறது. அந்த ஃபைலில் தமிழ் இனி இல்லை, முந்தின காப்பிதான் கதி.

புதுக் கணினியில் குறிச்சொற்களே காணோம் என்றால் அவை டிஜிகாமின் தரவுத்தளத்தில் மட்டும் இருந்திருக்கின்றன. பழைய கணினியில் திறந்து, மெட்டாடேட்டா அமைப்பில் குறிச்சொல், தலைப்பு, முகப்பெயர் ஆகியவற்றை ஃபைலுக்குள் எழுதும் டிக் போட்டு, ஒரு தடவை எழுதவிட்டுப் பிறகு காப்பி எடுங்கள்.

பிக்காஸாவில் திருத்தியதெல்லாம் போய்விட்டது

படங்களை அடுக்கவும் திருத்தவும் உதவிய பிக்காஸா மென்பொருளைக் கூகுள் 2016 மார்ச்சில் கைவிட்டது. ஆனால் அதில் சேர்த்த படங்கள் பல வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. பிக்காஸாவில் ‘சேவ்’ கொடுக்காமல் விட்ட திருத்தங்கள் படத்தில் இல்லை, ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஓர் ஐஎன்ஐ ஃபைலில் குறிப்பாக மட்டும் இருக்கின்றன. மற்ற மென்பொருள்கள் பெரும்பாலும் அதைச் சட்டை செய்யாது. பிக்காஸா இன்னும் ஓடும் கணினி இருந்தால் அங்கேயே ‘எக்ஸ்போர்ட்’ செய்து எடுங்கள். ‘சேவ்’ கொடுத்தவற்றின் மூலப்படங்கள் ‘பிக்காஸா ஒரிஜினல்ஸ்’ என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கும். இடம் மிச்சப்படுத்த அதை அழிப்பது வருத்தப்பட வைக்கும்.

ஒரே படம் ஐந்து இடத்தில்

டூப்குரு, சிகாவ்கா போன்ற மென்பொருள்கள் இரட்டைகளைத் தேடித் தரும். ‘ஒரே உள்ளடக்கம்’ என்ற தேடலில் கிடைப்பவற்றில் ஒன்றை வைத்து மற்றவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். ‘ஒத்த தோற்றம்’ என்ற தேடலில் கண்ணைத் திறந்திருக்க வேண்டும்: மூலப்படமும் அதன் வாட்ஸ்அப் நகலும் ஜோடியாக வரும். அளவு பெரியது எதுவோ, எக்ஸிஃப் உள்ளது எதுவோ, அதுவே தங்கவேண்டியது. ஐபோன் லைவ் படத்தோடு வரும் குட்டி வீடியோவும், ரா படத்தோடு வரும் ஜேபெக்கும் இரட்டைகள் அல்ல.

படம் படுத்துக்கிடக்கிறது

போனைச் செங்குத்தாகப் பிடித்தாலும் சென்சார் கிடைமட்டமாகத்தான் எழுதும். ‘திருப்பிக் காட்டு’ என்று எக்ஸிஃபில் ஓர் எண் இருக்கும். அதை மதிக்காத மென்பொருளில் படம் படுக்கும். இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளின் ‘லாஸ்லெஸ்’ சுழற்றலில் ‘ஆட்டோ’ கொடுத்தால் தரம் குறையாமல் நிமிர்ந்துவிடும்.

பட்டுப்புடவை ஒரே சிவப்புக் குழம்பு

அரக்குப் புடவையில் மடிப்பும் ஜரிகைக் கோடும் மறைந்து சிவப்புத் திட்டாகத் தெரிகிறது என்றால் சிவப்பு அளவு உச்சமான 255-ஐத் தொட்டுவிட்டது. பெரும்பாலும் ‘ஆட்டோ என்ஹான்ஸ்’ பொத்தானின் கைங்கரியம். ஒவ்வொரு நிறமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்புக் கோடு வலது சுவரில் முட்டி நிற்பதைப் பார்க்கலாம். அந்தத் திருத்தத்தை ரத்து செய்துவிட்டு, ‘சாச்சுரேஷன்’ (எல்லா நிறங்களின் அடர்த்தி) ஏற்றுவதற்குப் பதில் ‘வைப்ரன்ஸ்’ ஏற்றுங்கள். அது ஏற்கெனவே தடித்த நிறங்களை அவ்வளவாகத் தொடாது. சிவப்பை மட்டும் தனியே 15, 20 குறைத்தாலும் மடிப்பு திரும்பும். மூலப்படத்திலேயே முட்டியிருந்தால் ரா இருந்தால் ஒழிய முழுதாக மீளாது.

மண்டப விளக்கில் எல்லோரும் மஞ்சள் காமாலை போலத் தெரிந்தால் வெள்ளைச் சமநிலைத் துளிக்குழாயை (‘வொயிட் பேலன்ஸ்’ கருவி, தொட்ட இடத்தை நிறச்சாயல் இல்லாததாக எடுத்துக்கொண்டு படத்தைத் திருத்தும்) வேட்டியின் மேல் வைக்கத் தோன்றும். நீலம் போட்ட வேட்டி என்றால் வேண்டாம்: அது வெள்ளையைவிடக் கொஞ்சம் நீலம், படம் இன்னும் மஞ்சளாகும். சாம்பல் நிறத் தரையோ சுவரோ தேடுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஜேபெக்கை மறுபடி மறுபடி சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் போகும். திருத்தங்கள் முடியும் வரை மென்பொருளின் சொந்த வடிவில் வைத்திருந்து, கடைசியில் ஒரே தடவை தரம் 90-க்கு மேல் வைத்து ஜேபெக் எடுங்கள்.

பிரிண்ட் போட்டால் தலை வெட்டு, இருட்டு, நிறம் வெளிறல்

தலை வெட்டுப்படுவது விகிதத்தால். போன் படம் 4:3, 4×6 தாள் 3:2. கிடைமட்டப் படத்தைத் தாள் நிறைய அடித்தால் உயரத்தில் சுமார் 11 சதவீதம் போகும். குரூப் போட்டோவில் பின்வரிசைப் பெரியப்பாக்கள்தான் அதற்குப் பலி. லேபிடம் விடாமல் நீங்களே 3:2-க்கு வெட்டிக் கொடுங்கள், அல்லது வெள்ளை ஓரத்தோடு முழுப்படமும் வரட்டும் என்று சொல்லுங்கள்.

4×6-க்கு 1800×1200 பிக்சல் இருந்தால் அங்குலத்துக்கு 300. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் நீளத்தில் சுமார் 1600 பிக்சல்தான். 4×6-க்கு அது தாங்கும், 8×12-இல் அங்குலத்துக்கு 133 ஆகிப் பிசுபிசுக்கும்.

இருட்டாக வந்தால் பெரும்பாலும் உங்கள் திரைதான் அளவுக்கு மீறி வெளிச்சம். டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைத்தாளைத் திரை அருகே பிடித்து, திரையின் வெள்ளை தாளைப் போலத் தெரியும் வரை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுப் படத்தைத் திருத்துங்கள். மாலையில் திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ ஓடவில்லை என்பதையும் பாருங்கள்.

நிறம் வெளிறினால் படம் அடோபி ஆர்ஜிபி அல்லது டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற வண்ணவெளியில் (எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற வரையறை) இருக்கலாம், லேபின் கருவி அதைக் கவனிக்காமல் அடித்திருக்கும். பொதுவான வண்ணவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிக் கொடுங்கள். கொடுக்கும்போது ‘கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று சொல்லி முதலில் ஒரே ஒரு 4×6 போடச் சொல்லுங்கள். அது சரியாக வந்த பிறகு 12×36 ஆல்பத்துக்குப் பணம் கட்டலாம்.